வழியில் இல்லாத ஊர்

பெரியவனாகிவிட்ட என் பிள்ளைக்கு,

இதை நீயே படிக்கிறாயா, யாராவது உனக்குப் படித்துச் சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இப்போது உனக்கு எட்டு வயது. தமிழில் உன் பெயரை எழுதுவாய். அதிலும் ஓர் எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி நிற்கும். லோதி ரோட்டில் தமிழ் சொல்லித்தரும் பள்ளியில் உன்னைச் சேர்ப்பதும் பாதியில் எடுப்பதுமாகவே காலம் போய்விட்டது. அதனால், படித்துச் சொல்பவருக்கும் சிரமம் இல்லாதபடி எளிதாக எழுதப் பார்க்கிறேன். இருபத்தைந்து முப்பது வயதான ஒருவனை நினைத்து எழுதுகிறேன். அவன் முகம் எனக்குத் தெரியாது. அவனுக்கு மனைவி இருக்கலாம், இடுப்பில் ஒரு குழந்தை இருக்கலாம். தொலைவில் ஏதோ ஓர் ஊருக்குக் கிளம்பும்படி உத்தரவு வந்திருக்கலாம். உத்தரவே இல்லாமல் அவனுக்குக் கால் துறுதுறுக்கவும் செய்யலாம். அது உன் அப்பாவின் கால். என்னுடையதும்தான். எனக்கு இன்னும் முப்பத்திரண்டு ஆகவில்லை. புத்தி சொல்லும் வயது இல்லை. ஆனால் இந்த வாரம் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அதற்குக் காரணம் என்ன என்று நீ வளர்ந்த பிறகு கேட்டால், அப்போது நான் சொல்லும் பதில் இப்போது இருப்பதைவிட அழகாக இருக்கும். வயது எல்லாவற்றையும் மெழுகிவிடும். அதனால் இப்போதே, கசப்பு கசப்பாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

சரோஜினி நகர் வீட்டில் பெட்டிகள் கட்டிலுக்கு அடியிலிருந்து மறுபடியும் வெளியே வந்துவிட்டன. வெளியே நகரம் முழுவதும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பாலம் கட்டுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் சிமெண்டுத் தூசி. உன் அப்பா கௌஹாத்தியில் மூன்று வருடம் கேட்டு வாங்கியிருக்கிறார். கேட்டு வாங்கியிருக்கிறார் என்பதைக் கவனி. யாரும் அவரை அனுப்பவில்லை. நிலத்துக்கு அடியில் தண்ணீர் தேடும் இலாகா அவருடையது. மழை முடிந்ததும் துளை போடும் இயந்திரங்களோடு கிளம்பினால், அடுத்த கோடை முற்றும் வரை முகாம்தான். அவரோடு வேலை செய்பவர்கள் குடும்பத்தை டில்லி குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டுப் போவார்கள். லீவில் வந்து பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் அளப்பார்கள். உன் அப்பா நம்மைக் கூடவே கூட்டிப் போனார். “என் பிள்ளை பூகோளத்தப் புஸ்தகத்துல படிக்க வேண்டாம், கால்ல படிக்கட்டும்” என்பார். அந்தப் பேச்சுக்கு நான் மயங்கினேன் என்று சொல்வது பாதி உண்மை. மீதி என்னவென்றால், கல்யாணத்துக்கு முன்பே நான் மயங்கித்தான் இருந்தேன். கல்லூரி நூலகத்தில் பயணப் புத்தகங்களாகத் தேடித் தேடிப் படித்தவள். பாலைவனம், பனி, மூங்கில் காடு என்று எல்லாவற்றையும் தாளில் பார்த்தவள். ஒரு சமையலறையில் தொடங்கி இன்னொரு சமையலறையில் முடிகிற வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்றிருந்தேன். கூட்டிப் போகிறேன் என்று ஒருவர் வந்ததும், புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறினேன்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். ராஜஸ்தானத்தில் ஒரு கிராமம். உனக்கு அப்போது நாலு வயது. பல நாளாகத் துளை போட்டும் வெறும் புழுதிதான் வந்தது. ஊர்க்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பிற்பகலில் இயந்திரத்தின் சத்தம் மாறியது. குழாய் இருமுவதுபோல ஒரு சத்தம். பிறகு சேறு, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். தலையில் குடத்தோடு மைல் கணக்கில் நடந்தே பழகிய பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி உன்னைத் தூக்கி அந்தத் தண்ணீருக்குக் கீழே பிடித்தாள். நீ மூச்சுத் திணறிச் சிரித்தாய். அதைப் பார்த்த கண் என்னுடையது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். தண்ணீருக்கு எத்தனை பாஷையில் என்னென்ன பெயர் என்று அந்த வயதிலேயே நீ சொல்வாய். பஸ்தர் காட்டில் சந்தைக்கு வந்த சிறுமிகளோடு பேசுவதற்கு உனக்குப் பாஷையே தேவைப்படவில்லை. டில்லியில் நம் கீழ் வீட்டு மாமா ஒருமுறை, “உங்காத்துப் பிள்ளையாண்டான் எங்கே போனாலும் பிழைச்சுப்பான் போலிருக்கே!” என்றார். பெருமையாக இருந்தது. எங்கே போனாலும் பிழைப்பவனுக்கு எந்த இடமும் தேவைப்படாமல் போய்விடும் என்று அப்போது தோன்றவில்லை.

உன் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அவளை நினைவிருக்குமா? என் ஒரே அக்கா. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அக்கா படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவள் நிறுத்திய படிப்பைத்தான் நான் படித்தேன். அத்தானுக்கு நாக்பூரில் ஒரு மில்லில் வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து அவளும் போய்விட்டாள். பிள்ளை இல்லை. டில்லியிலிருந்து மெட்ராஸ் போகும் வண்டிகள் நாக்பூரில் நிற்கும். தெற்கே எங்கே போனாலும் அவள் ஊர் நமக்கு வழியில்தான். டில்லித் தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி போகும் வழியில் சொந்தக்காரர் இருந்தால், இன்ன தேதி, இன்ன பெட்டி என்று ஒரு கார்டு போட்டுவிட வேண்டும். அவர்கள் சாப்பாட்டோடு பிளாட்பாரத்துக்கு வருவார்கள். வண்டி நிற்கிற நேரத்துக்குள் நலம் விசாரிப்பு, ஊர்ச் செய்தி, அழுகை, சண்டை எல்லாம் முடிந்துவிடும். சாப்பாட்டைக் கேரியரோடு வாங்கிக்கொள்வோம். அடுத்த முறை அந்த வழியாக வரும்போது கேரியரைக் கொடுப்போம். அதை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி அரிசியாவது, நாலு துண்டு வெல்லமாவது உள்ளே இருக்க வேண்டும்.

அக்காவினுடையது நாலடுக்கு எவர்சில்வர் கேரியர். அவள் கல்யாணச் சீரில் வந்தது. மேல் மூடியில் அவள் பெயர் பொறித்திருக்கும். வண்டி நிற்பதற்கு முன்பே பெட்டியோடு கூடவே ஓடி வருவாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கப் பேசுவாள்.

“எட்டி, பிள்ளைய ஜன்னலுக்குக் காட்டு. இதென்ன இப்படி மெலிஞ்சிருக்கான்! ராஜஸ்தான்ல சோறு போடுதியா, மணலப் போடுதியா?”

“போக்கா, அவன் நல்லாத்தான் இருக்கான்.”

“கிழிச்சான். மேலடுக்குல துவையல். ரெண்டாவதுல புளிச்சோறு. கடைசி அடுக்கு தயிர்ச்சோறு, ராத்திரிக்கு. அதை இப்பத் தொறக்காத. மாப்பிள்ளைக்கு மோர் மொளகா தனியாப் பொட்டணம் கட்டிருக்கேன். உன் கையில குடுத்தா நீயே தின்னுருவ, நேரா அவர்ட்டயே குடுக்கேன்.”

உன் அப்பா சிரித்துக்கொண்டே வாங்குவார். அக்கா கையை உள்ளே நீட்டி உன் கன்னத்தைத் தடவுவாள். நீ பின்னால் சாய்வாய். விசில் ஊதியதும், ஒவ்வொரு முறையும், ஒரே வாக்கியம்: “ஒரு தடவை எறங்குட்டி. ஸ்டேசன்லேருந்து வீடு கூப்பிடு தூரந்தான். ஒரு தடவை எறங்கி, எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ.” நானும் ஒவ்வொரு முறையும், “அடுத்த தடவை கண்டிப்பா, அக்கா” என்பேன். இறங்கினால் ரிசர்வேஷன் போய்விடும் என்பார் அப்பா. உண்மைதான். போய்விடும்தான். நீ பிறந்து இத்தனை வருடத்தில் நாக்பூர் வழியாக நாம் போகாத வருடம் குறைவு. அக்கா வீட்டு வாசல் கிழக்கா மேற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவளுக்கு என்ன கொண்டுபோவது என்பதில் மட்டும் நான் குறை வைத்ததில்லை. கேரியரைத் திருப்பிக் கொடுக்கும்போது, பாலைவனத்துக் காய்ந்த கொத்தவரை, பஸ்தர் புளி, கட்ச் பக்கத்துப் பேரீச்சை என்று ஏதாவது ஒன்று நிரம்பி இருக்கும். அவள் பிளாட்பாரத்திலேயே மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, “உன் புருசன் தண்ணி தோண்டுத எடத்துல எல்லாம் நீ எனக்குக் காய்கறி தோண்டுதியே!” என்று சிரிப்பாள். பெருமையாக வாங்கிக்கொண்டு போவாள். நான் கொடுத்தது ஊர்கள். அவள் கேட்டது என்னை. அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்துகொண்டுதான் பேரீச்சை அடைத்தேன்.

உனக்கு ஐந்து வயதானபோது, தெற்கேயிருந்து டில்லி திரும்பும் ஒரு பயணத்தில், அவள் உன் கன்னத்தைத் தொட்டதும் நீ என் பக்கம் திரும்பி, “மம்மி, யே ஆன்ட்டி கோன் ஹை?” என்று கேட்டாய். இந்த ஆன்ட்டி யார் என்று. பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா இந்தி தெரிந்தவள். அவள்தான் முதலில் பதில் சொன்னாள். “மை தேரி மௌசி ஹூம், ராஜா.” உன் பெரியம்மா நான் என்று. பிறகு என்னிடம், “என்னட்டி, நம்ம பிள்ளைட்ட என்னை அறிமுகம் செஞ்சு வைக்க ஒரு ஆள் வேணும் போலிருக்கே” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வண்டி நகரும்போது அவள் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காவது அடுக்கில் ராத்திரிக்கான தயிர்ச்சோறு இருந்தது, அதில் அவள் மாதுளை முத்து போட்டிருந்தாள், உனக்குப் பிடிக்கும் என்று.

அந்தக் கேரியர் நம்மிடம் இருந்தபோதுதான், அடுத்த கோடையில், அவளிடமிருந்து கடிதம் வந்தது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயப்பட ஒன்றும் இல்லை. அத்தானுக்கு லீவு கிடைக்காது. “ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போயேன். வேலை ஒண்ணும் செய்ய வேண்டாம், பக்கத்துல இருந்தாப் போதும்” என்று எழுதியிருந்தாள். வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்ட ஒரே பெரிய காரியம். அந்த வருடம் அப்பாவின் சலுகைப் பயணத்தில் காஷ்மீர் போக எல்லாம் முடிவாகியிருந்தது. சர்க்கார் குடும்பங்களுக்குத் தெரியும், அந்தச் சலுகையில் சொந்த ஊருக்குப் போகலாம்; சில வருடங்களுக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். நாம் இரண்டாவதற்காகக் காத்திருந்தோம். அப்பா, “மே மாச நாக்பூர் வெயில்ல பிள்ளைய வச்சிக்கிட்டு ஒரு மாசமா? ஆபரேஷன்லாம் இப்ப சாதாரணம். அங்க அக்கம்பக்கம் இல்லாமலா போகும்?” என்றார். நான் எதிர்த்துப் பேசியிருந்தால் விட்டிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான், யாராவது அழுத்திச் சொன்னால் விட்டுக்கொடுப்பார். நான் அழுத்தவில்லை. எனக்குப் பனி பார்க்க வேண்டியிருந்தது. ஊர் திரும்பியதும் தெற்கே போவோம், அப்போது கட்டாயம் பார்க்கிறேன் என்று அக்காவுக்கு எழுதினேன். காஷ்மீரிலிருந்து ஒரு வண்ணப்பட அட்டையும் அனுப்பினேன். பனி மூடிய மலை. பின்னால், “நீயும் பார்க்க வேண்டிய இடம்” என்று எழுதியிருந்தேன். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவளுக்கு.

மழைக்காலத்தில், அப்பாவின் தங்கை கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். வழக்கம்போலக் கார்டு போட்டேன். கேரியரின் நாலு அடுக்கிலும் வால்நட்டும் பாதாம் பருப்பும் அடைத்து மடியில் வைத்திருந்தேன். நாக்பூரில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே அக்கா இல்லை. கதவுக்கு ஓடினேன். ஒன்பது கஜப் புடவையைக் கச்சம் கட்டியிருந்த ஒரு மராட்டிக்கார அம்மாள் பெட்டி எண்களைப் பார்த்துக்கொண்டே வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தேரி பெஹன் நே பேஜா” என்றாள். உன் அக்கா அனுப்பினாள்.

பக்கத்து வீட்டு ஷாந்தாபாய். அக்காவின் கடிதங்களில் வருகிற பெயர். நான் பதறி, அக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, எழுந்திருக்க முடியவில்லையா என்று கேட்டேன். அவள் இந்தியில் நிதானமாகப் பதில் சொன்னாள். கோபமே இல்லை. “நன்றாக இருக்கிறாள். நடக்கிறாள். நேற்றுச் சந்தைக்குக்கூட என்னோடு வந்தாள். இதெல்லாம் அவள் சமைத்ததுதான். விடியற்காலையில் எழுந்து சமைத்தாள்.” பிறகு, நான் கேட்காமலே, ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தார்கள் என்பதைச் சொன்னாள். இவளும் இவள் மருமகளும் மாற்றி மாற்றி இருந்திருக்கிறார்கள். தலை வாரி விட்டிருக்கிறார்கள். “நீ அனுப்பின படத்தை அலமாரியில் வைத்திருக்கிறாள். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள், என் தங்கை அங்கே இருக்கிறாள் என்று.” அந்த அம்மாள் என்னைக் குத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கேரியரை நீட்டினேன். அவள் கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். “நஹீம் பாயி, வேண்டாம் அம்மா, அதை வாங்கிக்கொண்டு வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். உன்னிடமே இருக்கட்டுமாம்.” சாப்பாட்டை அப்போதுதான் பார்த்தேன். தைத்த இலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றி, சணல் போட்டு இறுக்கிய பொட்டலங்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, துவையல். மாப்பிள்ளைக்கு மோர் மிளகாய் தனியாக. எதுவும் குறையவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரம் மட்டும் இல்லை. நாக்பூர் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில், நல்ல உடம்போடு, என் அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். வழிப்போக்கர்களுக்குச் சோறு போடுவது புண்ணியம். அதை அவள் செய்துவிட்டாள்.

வண்டி கிளம்பியது. உன் அப்பா பொட்டலங்களைப் பார்த்து, “இது பரவாயில்லையே! கழுவ வேண்டாம், சுமக்க வேண்டாம். தின்னுட்டு தூக்கிப் போட்டுரலாம்” என்றார். அவருக்குத் தெரியாது. ஆண்களுக்குக் கேரியர் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். நீ சமர்த்தாகச் சாப்பிட்டு, இலையைச் சுருட்டி ஜன்னல் வழியாக எறிந்தாய். அது காற்றில் ஒரு நொடி நின்று, விரிந்து, பின்னால் போனது. நான் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. சாப்பிட்டிருப்பேன். அப்போதெல்லாம் எனக்கு நன்றாகவே பசித்தது.

அதற்குப் பிறகு நான் எழுதும் கடிதங்களுக்கு அத்தான் பதில் போடுகிறார். “அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.” அச்சடித்ததுபோல. அக்கா கையெழுத்து வருவதே இல்லை. நாக்பூர் வழியாகப் பிறகும் போனோம். கார்டு போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒருமுறை வண்டி அங்கே நின்றபோது, கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவள் வந்திருந்தால் என்ன செய்வது என்ற பயமா, வரவில்லை என்பதைப் பார்க்க முடியாத பயமா, இன்றும் தெரியவில்லை.

இதெல்லாம் எனக்கும் அவளுக்கும் நடுவில் உள்ளது, உனக்கு இதில் என்ன என்று கேட்பாய். சொல்கிறேன். போன மாதம் கீழ் வீட்டு மாமா நம் வீட்டுக்கு வந்தார், செய்தித்தாள் வாங்கிப்போக. சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்தார். நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். பிறகு, மிகவும் மரியாதையாக, “ஆப் கப் ஜாயேங்கே?” என்று கேட்டாய். நீங்கள் எப்போது கிளம்புகிறீர்கள் என்று. மாமா வெடித்துச் சிரித்தார். “ஏண்டாப்பா, இப்பத்தானே வந்தேன்! வெரட்டறியே! மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் ரயிலா விட்டிருக்கா?” நீ சிரிக்கவில்லை. நீ விரட்டவில்லை என்று எனக்குத் தெரியும். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். உன் உலகத்தில் வருகிறவர்கள் எல்லோரும் கிளம்புகிறவர்கள். எப்போது என்று தெரிந்துவிட்டால், அதற்குத் தகுந்தாற்போலப் பிரியம் வைக்கலாம். பஸ்தரில் உன்னோடு ஒரு வருடம் விளையாடிய பெண் ஜீப்புக்குப் பின்னால் அழுதுகொண்டே ஓடி வந்தாள். நீ கையை ஆட்டிவிட்டு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாய். “பிள்ளை அழவே மாட்டான், எவ்வளவு சமர்த்து!” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அழுகையை நாங்கள் உன்னிடமிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூகோளத்தை வைத்துவிட்டோம்.

ஆகவே, சொந்தபந்தங்களை விட்டு ஊர் ஊராய்ப் போவது தகுமா என்று நீ கேட்டால், என்னிடம் சுத்தமான பதில் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா வழியில் சிலரை விட்டுத் தொலைவில் இருப்பதே சுகம். ஒரே ஊரில், ஒரே தெருவில் இருந்துகொண்டு முகம் பார்க்காத அக்கா தங்கைகளும் உண்டு. தொலைவு ஒன்றும் பாவம் இல்லை. போ, பார்க்க வேண்டியதைப் பார். ஆனால் போகிறவர்கள் எல்லோரும் தங்களுக்கே ஒரு பொய்யைச் சொல்லிக்கொள்கிறோம்: நாம் நகர்கிறோம், மற்றவர்கள் இருந்த இடத்தில் இருப்பார்கள் என்று. நாம் எப்போது வந்தாலும் பிளாட்பாரத்தில், அதே இடத்தில், கேரியரோடு நிற்பார்கள் என்று. அவர்களுக்கு உடம்புக்கு வராது, மனம் மாறாது, நம் பயணத்துக்கு இடைஞ்சலாக ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று. இருந்த இடத்தில் இருப்பவர்கள்தான் வேகமாகத் தொலைந்துபோகிறார்கள், கண்ணா. நகர்கிற நமக்கு அது கடைசியில்தான் தெரிகிறது. பிரியம் வைத்திருப்பவர்களை வழியில் வைத்துப் பார்க்காதே. இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கௌஹாத்திக்குப் போகும் முன் நீயும் நானும் நாக்பூர் போகிறோம். திங்கட்கிழமை அப்பாவிடம் சொன்னேன். அவர் படுக்கை சுருட்டும் ஹோல்டாலின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

“நாக்பூருக்கா? கௌஹாத்திக்குக் கான்பூர், பாட்னா வழியால்லா போகணும். நாக்பூர் வழியிலயே இல்லையே.”

“ஆமா, வழியில இல்ல. அதுக்குத்தான் போறேன்.”

“பிள்ளையையுமா?”

“அவனுக்குத்தான பெரியம்மா.”

“அவங்க பேசுததே இல்லன்னு நீதான சொன்ன? போய் நின்னு, கதவத் தொறக்கலன்னா?”

“வாசல்ல உட்காருதோம். ரிசர்வேஷன் போயிரும்னு இந்தத் தடவ யாரும் சொல்ல முடியாது. திரும்ப வர டிக்கெட்டே எடுக்கல.”

அவர் வாரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் அழுத்திப் பேசி அவர் அதிகம் கேட்டதில்லை. “அச்சா” என்றார். “எவ்வளவு நாள்?” தெரியாது என்றேன். ஒரு மாதம் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அந்த ஒரு மாதத்துக்கு வட்டியும் சேர்ந்திருக்கும். அவர் ஹோல்டாலை மறுபடி அவிழ்த்து, உன் துணிகளைத் தனியாக எடுத்து வைத்தார். அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. என்னை மன்னித்த பிறகுதான் அவர் முறை.

கேரியரைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. புளி போட்டுத் தேய்த்தேன். மூடியில் அக்காவின் பெயர் பளிச்சென்று இருக்கிறது. நீ எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தாய், முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டாய். என்ன நிரப்பிக் கொண்டுபோவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மார்க்கெட்டில் வால்நட் கிடைக்கிறது. பேரீச்சை கிடைக்கிறது. நான் பார்த்த எந்த ஊரையும் இதில் அடைத்துக் கொண்டுபோய் அவள் முன்னால் வைக்க எனக்கு இனி முகம் இல்லை. வெறும் கேரியரைத்தான் எடுத்துப் போகிறேன். வழக்கப்படி அது தப்பு; அவமரியாதை. அக்காவுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். திருப்பிக் கொடுக்க வருகிறவள்தான் நிரப்பிக் கொண்டு வருவாள். நான் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. பசியோடு போகிறேன்.

நீ இதைப் படிக்கும் நாளில் ஒரு காரியம் செய். அந்தக் கேரியர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார். நெளிந்து, கீறல் விழுந்து, ஓர் அடுக்கு தொலைந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தால், உன் பெரியம்மா கதவைத் திறந்தாள் என்று வைத்துக்கொள். அப்படியானால் இந்தக் கடிதத்தை உனக்குப் படித்துச் சொல்பவள் அவளாகவே இருக்கலாம். இந்த இடத்துக்கு வரும்போது அவள் என்னைத் திட்டுவாள், நிறுத்தாதே. நம் வீட்டுப் பரணில், இன்றுபோலவே பளபளப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தால், உனக்கு நான் வேறு எந்தப் புத்தியும் சொல்ல வேண்டியதில்லை.

ஜன்னலோரம் உனக்குத்தான். ஆனால் நாக்பூர் வந்ததும் எழுந்துவிட வேண்டும்.

உன் அம்மா